மலப் பரிசோதனையும் பெருங்குடல் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் சத்தமாகவே பேசுவார்கள். மலப் பரிசோதனை என்றால் மட்டும் குரல் தணிந்துவிடும். மனதில் நாலு சந்தேகம் இருந்தாலும் ஒன்றைக்கூடக் கேட்காமல், மல மாதிரி எடுப்பதற்கான கிட்டை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்புறம் போனில் கேட்பார்கள், இல்லையென்றால் ரிப்போர்ட் வந்த பிறகு பதறிப்போய்க் கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

குடலுக்குள் இருக்கும் கட்டியை மலத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெருங்குடல் புற்றுநோய் திடீரென்று முளைப்பதில்லை. பெரும்பாலும் குடலின் உள்சுவரில் பாலிப் எனப்படும் சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் ஆரம்பிக்கிறது. எல்லா பாலிப்பும் புற்றுநோயாக மாறாது. மாறுகிற சிலவற்றுக்கும் பொதுவாகப் பத்து வருடம் போல ஆகிறது. நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் அதுதான்.

பாலிப் பெரிதாகப் பெரிதாக அதன் மேல்பரப்பு எளிதில் காயப்படும். மலம் உரசிக்கொண்டு போகும்போது கொஞ்சம் ரத்தம் கசியும். கூடவே அதன் செல்களும் உதிர்ந்து மலத்தோடு வெளியே வரும். கசிந்த ரத்தத்தைத் தேடுவது ஒரு வகைச் சோதனை. உதிர்ந்த செல்களின் டிஎன்ஏவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வகை. இரண்டிலும் உடம்புக்குள் எந்தக் கருவியும் போகாது. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, பட்டினியும் இல்லை.

எனக்கு மலத்தில் ரத்தமே போகவில்லையே, நான் எதற்குச் செய்ய வேண்டும்?

ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால் ஸ்கிரீனிங் சோதனைக்கு, அதாவது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே செய்யும் சோதனைக்கு, வேலையில்லை, நேராக மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துக்கானது. ஒரு கிராம் மலத்தில் இருபது, முப்பது மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவு ரத்தம் கலந்தால் மலத்தின் நிறம்கூட மாறாது.

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாகப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வந்தது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். ஆனால் குடல் சுவரைத் தாண்டிப் பரவுவதற்கு முன்பே கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த நிலையில் பெரும்பாலானவர்களுக்கு வலி, எடைக் குறைவு என்று எதுவுமே இருக்காது. நன்றாக இருக்கும்போதே பாருங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பழைய சோதனைக்கும் இப்போது எல்லோரும் சொல்லும் ‘ஃபிட்’ சோதனைக்கும் என்ன வித்தியாசம்?

பழையது குவாயாக் சோதனை. குவாயாக்கம் என்ற மரத்தின் பிசின் தடவிய தாளில் மலத்தை மெல்லிசாகப் பூசி, மேலே ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுவார்கள். ரத்தத்தில் உள்ள ஹீம் இருந்தால் சில நொடியில் ஓரத்திலிருந்து நீலம் படரும். முதன்முறை பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் மனித ரத்தத்துக்கும் சாப்பிட்ட இறைச்சியில் இருந்த ரத்தத்துக்கும் அந்தத் தாளுக்கு வித்தியாசம் தெரியாது. முள்ளங்கி மாதிரிக் காய்களும் அதை ஏமாற்றும். வைட்டமின் சி மாத்திரை போட்டிருந்தால் ரத்தம் இருந்தும் நீலம் வராமல் போகலாம். அதனால் சில நாள் பத்தியம் இருந்து, மூன்று முறை மாதிரி எடுக்க வேண்டியிருந்தது.

ஃபீகல் இம்யூனோகெமிக்கல் டெஸ்ட் என்பதன் சுருக்கமான ஃபிட் சோதனை வேறு விதமாக வேலை செய்கிறது. மனித ஹீமோகுளோபினில் உள்ள குளோபின் என்ற புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகளை இதில் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் சாப்பிட்ட எதுவும் குறுக்கே வராது. பொதுவாக ஒரே மாதிரி போதும். இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. இரைப்பையில் ரத்தம் கசிந்தால் அதில் உள்ள குளோபின் வழியிலேயே செரிமானமாகிவிடும். ஆகவே ஃபிட் பாசிட்டிவ் என்றால் கசிவு பெரும்பாலும் பெருங்குடலில்தான். அல்சர் இருக்கிறதா என்று பார்க்க ஃபிட் உதவாது என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறார்களா?

பிழைக்கிறார்கள். அதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,551 பேரைக் குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 1993இல் வெளிவந்தது. வருடா வருடம் குவாயாக் சோதனை செய்துகொண்டவர்களிடம் பெருங்குடல் புற்றுநோயால் வரும் மரணம் 33 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆட்களை 30 வருடம் வரை தொடர்ந்து கவனித்தபோதும் 32 சதவீதம் குறைவு அப்படியே இருந்தது. இத்தனையும் அந்தப் பழைய நீலத் தாளை வைத்துக் கிடைத்தது.

அப்புறம் ஸ்பெயினில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினரை ஒரே ஒரு முறை கொலோனோஸ்கோபிக்கு, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு, அழைத்தார்கள், மற்றவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஃபிட் சோதனைக்கு அழைத்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 0.22 சதவீதம், 0.24 சதவீதம் என்று ஏறக்குறைய சமமாக இருந்தார்கள். முடிவு 2025இல் வெளிவந்தது. ஒரு குச்சியும் சின்ன டியூபும் இந்த அளவுக்கு ஈடுகொடுத்ததற்கு முக்கியக் காரணம், கொலோனோஸ்கோபியை விட அதற்கு அதிகம் பேர் ஒப்புக்கொண்டதுதான்.

சோதனை எவ்வளவு துல்லியமானது? தவறவிடுமா?

தவறவிடும். அதை மறைத்துப் பேசக் கூடாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஃபிட் ஒருமுறை செய்தால் புற்றுநோய் உள்ள 100 பேரில் 79 பேரைக் கண்டுபிடிக்கிறது. புற்றுநோய் இல்லாத 100 பேரில் 94 பேருக்கு நெகட்டிவ் என்று சரியாகச் சொல்கிறது.

இதை ஆட்கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஆயிரம் பேர் சோதனை செய்கிறார்கள், அவர்களில் ஐந்து பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் பாசிட்டிவ் ஆவார்கள், ஒருவர் தப்பிவிடுவார். மீதி 995 பேரில் சுமார் 60 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக 64 பாசிட்டிவில் நாலுதான் புற்றுநோய். அந்த 60 பேரும் வீணாகப் பயந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களில் கணிசமான பேருக்குப் பெரிய பாலிப் இருக்கும். அதை எடுத்துவிட்டால் வரவிருந்த புற்றுநோயையே தடுத்துவிடலாம்.

பாலிப் நிலையிலேயே கண்டுபிடிப்பதில் ஃபிட் அவ்வளவு கெட்டிக்கார சோதனை இல்லை. ஆபத்தான பாலிப்பில் பாதிக்கு மேல் ஒருமுறை சோதனையில் தப்பிவிடுகிறது. பாலிப் தினமும் கசியாது, இன்று கசிந்து நாளை நின்றுவிடலாம். அதனால்தான் இதை வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ செய்யச் சொல்கிறார்கள். ஒரே ஒரு முறை செய்துவிட்டு நிறுத்திய ஃபிட்டை நான் பாதிச் சோதனை என்றுதான் சொல்வேன்.

டிஎன்ஏ பார்க்கும் மலப் பரிசோதனை இதைவிட நல்லதா?

கண்டுபிடிப்பதில் நல்லது, பொய் பாசிட்டிவ் கொடுப்பதில் கொஞ்சம் மோசம். அமெரிக்காவில் 2014இல் கோலோகார்டு என்ற சோதனைக்கு ஒப்புதல் கிடைத்தது. சில மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்களோடு ஹீமோகுளோபினையும் அது சேர்த்துப் பார்க்கிறது. அதற்காக நடந்த ஆய்வில் சுமார் 10 ஆயிரம் பேருக்கு இரண்டு சோதனையும் கொலோனோஸ்கோபியும் செய்தார்கள். டிஎன்ஏ சோதனை 92 சதவீதப் புற்றுநோயைப் பிடித்தது, ஃபிட் 74 சதவீதம். பெரிய பாலிப் விஷயத்தில் 42க்கு 24. ஆனால் புற்றுநோயோ பெரிய பாலிப்போ இல்லாதவர்களில் டிஎன்ஏ சோதனை 13 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ் காட்டியது, ஃபிட் 5 சதவீதம் பேருக்குத்தான் காட்டியது. டிஎன்ஏ சோதனைக்கு மொத்த மலத்தையும் பெட்டியில் பிடித்து அனுப்ப வேண்டும், செலவும் அதிகம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

என்னைக் கேட்டால், எதை நீங்கள் விடாமல் காலாகாலத்தில் செய்வீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த வயதில் ஆரம்பிக்க வேண்டும்?

நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் 50 வயதில் ஆரம்பிக்கிறார்கள். இளையவர்களிடமும் இந்த நோய் கூடிவருவதால் அமெரிக்காவில் 2021இல் அதை 45ஆகக் குறைத்தார்கள். 75 வரை தொடரலாம், அதற்கு மேல் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

சிலருக்கு மலப் பரிசோதனை போதாது, நேராகக் கொலோனோஸ்கோபிதான். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இளம் வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், லிஞ்ச் போன்ற பரம்பரைக் கோளாறு குடும்பத்தில் இருந்தால், நெடுநாள் குடல் அழற்சி நோய் இருந்தால், ஏற்கெனவே பெரிய பாலிப் எடுத்திருந்தால், கிட் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாதிரியைச் சரியாக எடுப்பது எப்படி?

எங்களிடம் வரும் டியூபில் பாதிக் கோளாறு இதில்தான். முதல் வேலை, மலம் கழிவறைத் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்வது. சுத்தமான காய்ந்த டப்பாவோ, கிட்டோடு வரும் தாளோ போதும். சிறுநீரும் கலக்கக் கூடாது.

டியூபின் மூடியைத் திருகி எடுத்தால் அதோடு ஒரு குச்சி வரும். அதன் நுனியைப் பாருங்கள், சன்னமாக வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளம் நிறையும் அளவுதான் தேவை. அது சுமார் பத்து மில்லிகிராம், ஒரு அரிசி மணியை விடக் குறைவு. மலத்தில் ஒரே இடத்தில் குத்தாமல் நாலைந்து இடத்தில் மேலாகச் சுரண்டுங்கள். ரத்தம் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கலாம். பிறகு குச்சியை டியூபுக்குள் விட்டு மூடிவிடுங்கள். வாய்ப்பகுதி குறுகலாக இருப்பதால் அதிகப்படியை அதுவே வழித்துவிடும்.

நிறைய இருந்தால் நல்ல ரிசல்ட் வரும் என்று நினைத்துக் கரண்டியால் அள்ளி அடைத்து அனுப்புகிறார்கள். உள்ளே இருக்கும் திரவத்தின் அளவுக்கு ஏற்றபடிதான் கணக்கு. அதிகமாக அடைத்தால் கருவியால் படிக்க முடியாது, திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டிவரும். எடுத்த தேதியையும் பெயரையும் எழுதுங்கள். தேதி இல்லாத டியூபை நாங்கள் நம்ப முடியாது.

எடுத்ததைச் சொன்ன நாட்களுக்குள் கொடுத்துவிடுங்கள். வெயிலில், பூட்டிய வண்டிக்குள் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சூட்டில் ஹீமோகுளோபின் சிதைந்துவிடும். இருந்த ரத்தம் இல்லாததுபோல் நெகட்டிவ் வரும். அது யாருக்கும் தெரியப்போவதுமில்லை.

மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா? மாதவிடாய் சமயத்தில் எடுக்கலாமா?

ஃபிட் சோதனைக்காக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து எல்லாம் வழக்கம்போலத் தொடரட்டும். மாதவிடாய் நின்று இரண்டு மூன்று நாள் கழித்து எடுங்கள். சிறுநீரில் ரத்தம் போனாலும் மூலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

எனக்கு மூலம் இருக்கிறது. பாசிட்டிவ் அதனால்தான் வந்திருக்கும், இல்லையா?

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மூலம் இருக்கிறவருக்குப் பாலிப் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது சாதாரணம். கசிந்த ரத்தம் மூலத்திலிருந்து வந்ததா பாலிப்பிலிருந்து வந்ததா என்று ஃபிட்டுக்குத் தெரியாது, உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். இந்த நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்ட கதைகளில் ‘மூலம்தான் என்று நினைத்தோம்’ என்ற வரியை அத்தனை முறை கேட்டிருக்கிறேன்.

பாசிட்டிவ் வந்துவிட்டது. இன்னொரு இடத்தில் திரும்பச் செய்து பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் வந்தார். பாசிட்டிவ் ரிப்போர்ட்டை வாங்கினார், முகம் வெளுத்துப்போயிற்று. பத்து நாள் கழித்து வேறொரு இடத்தில் செய்த நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து சிரித்துக்கொண்டே காட்டினார். முதல் ரிப்போர்ட் தப்பு என்று முடிவு செய்துவிட்டார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. யாருக்குத்தான் அந்த இரண்டாவது காகிதத்தை நம்ப ஆசை இருக்காது? ஆனால் கசிவு விட்டுவிட்டு வரும் என்று மேலே சொன்னேன் அல்லவா? முதல் நாள் கசிந்தது உண்மை, பத்தாம் நாள் கசியாததும் உண்மை. இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை ரத்து செய்யாது. அன்று அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசி மருத்துவரிடம் அனுப்பினேன்.

பாசிட்டிவ் வந்தால் அடுத்த படி கொலோனோஸ்கோபிதான், அதுவும் சீக்கிரம். பாசிட்டிவ் வந்த சுமார் 70 ஆயிரம் பேரைப் பற்றி 2017இல் வந்த ஆய்வில், ஒரு மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி செய்தவர்களோடு ஒப்பிட்டால், பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் புற்றுநோயும் முற்றிய புற்றுநோயும் அதிகமாகக் காணப்பட்டன. ஒரு வார இரண்டு வாரத் தாமதத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது.

கொலோனோஸ்கோபி பயமாக இருக்கிறதே?

முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்ய மருந்து குடிப்பதுதான் சிரமமான பகுதி என்று செய்துகொண்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பரிசோதனை பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேரம். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். குடலில் ஓட்டை விழுவது போன்ற பெரிய சிக்கல் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அங்கேயே அப்போதே எடுத்துவிடுவார்கள்.

ரிப்போர்ட்டில் ஒரு எண் இருக்கிறதே, அது என்ன?

ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்பது. எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ் என்று ஒவ்வொரு நாட்டின் ஸ்கிரீனிங் திட்டமும் தானே கோடு போடுகிறது. தைவானில் 20, நெதர்லாந்தில் 47. இங்கிலாந்து 2019இல் ஃபிட்டுக்கு மாறியபோது 120 என்று வைத்தது. கோடு தாழ்ந்தால் அதிகம் பேரைக் கண்டுபிடிக்கலாம், கொலோனோஸ்கோபிக்கும் அதிகம் பேர் வருவார்கள். ஆகவே ஓர் இடத்து நெகட்டிவ் இன்னோர் இடத்தில் பாசிட்டிவாக இருக்கலாம். எண்ணைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

நெகட்டிவ் வந்துவிட்டது, ஆனால் கொஞ்ச நாளாக மோஷன் சரியாக இல்லை.

மருத்துவரிடம் போங்கள். மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தால், ரத்தம் தெரிந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை என்று சொன்னால், நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. இங்கிலாந்தில் அறிகுறியோடு வருகிறவர்களுக்கு 10 மைக்ரோகிராமிலேயே மேற்பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிட முடியாதா?

அதுவும் வந்துவிட்டது. 2024இல் அமெரிக்காவில் ஷீல்டு என்ற ரத்தப் பரிசோதனைக்கு ஒப்புதல் கிடைத்தது. புற்றுநோயை 83 சதவீதம் பிடித்தாலும் பெரிய பாலிப்பை 13 சதவீதம்தான் பிடித்தது. முன்கூட்டியே தடுப்பதற்கு இன்றைக்கு மலம்தான் அதிகம் சொல்கிறது. சிஇஏ என்ற பழைய ரத்தப் பரிசோதனை, நோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனிக்கத்தான். அதை ஸ்கிரீனிங்குக்குப் பயன்படுத்தக் கூடாது.

அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். கிட் இரண்டு மாதமாக மேசையிலேயே கிடக்கிறது.

பெரும்பாலும் அது பிடிவாதம் இல்லை, கூச்சமும் பயமும்தான். புள்ளிவிவரம் சொல்லிப் பலன் வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அவருக்காக நீங்கள் செய்யக்கூடிய சின்ன வேலைகள் இருக்கின்றன. முதலில் அந்தக் கிட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். கிட்டைப் பிரித்து, குச்சியை எப்படித் திருகுவது என்று வெறுமனே ஒருமுறை காட்டுங்கள். டியூபில் அவர் பெயரை நீங்களே எழுதுங்கள். மேசையிலிருந்து எடுத்துக் கழிவறையில், உட்கார்ந்தால் கைக்கு எட்டும் இடத்தில், பேனாவோடு சேர்த்து வையுங்கள். ‘நாளைக்குக் காலையில் எடுத்து வைத்துவிடுங்கள் அப்பா, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். உங்களுக்கும் வயது வந்துவிட்டது என்றால், உங்கள் டியூபையும் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.